சிக்கிமுக்கியா, கேப்பா? ஒரு பழைய துப்பாக்கிப் பஞ்சாயத்து

1834-ல், லண்டனை ஒட்டியிருக்கும் வுல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு சோதனை நடத்தியது. ஒரு பக்கம் ஆறு ஃபிளின்ட்லாக் துப்பாக்கிகள், அதாவது சிக்கிமுக்கிக் கல்லை உரசி நெருப்பு உண்டாக்குகிற பழைய ரகம். இன்னொரு பக்கம் ஆறு பெர்கஷன் துப்பாக்கிகள், அதாவது ஒரு சின்ன செப்புக் கேப்பை அடித்து வெடிக்க வைக்கிற புது ரகம். இரண்டுமே குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிறவைதான். நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும்தான் வித்தியாசம். நல்ல வானிலை, கெட்ட வானிலை எல்லாவற்றிலும் ஒவ்வொரு ரகத்திலும் 6000 தடவை சுட்டுப் பார்த்தார்கள்.

சிக்கிமுக்கி ரகம் 922 தடவை வெடிக்காமல் ஏமாற்றியது. கேப் ரகம் ஏமாற்றியது 36 தடவைதான். ஆறரைக்கு ஒன்று எங்கே, 166-க்கு ஒன்று எங்கே?

இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அடுத்த பத்து வருஷத்தில் பழசு காணாமல் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஐரோப்பிய ராணுவங்களில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஆனால் உலகம் ஐரோப்பிய ராணுவங்களோடு முடிந்துவிடவில்லையே. கனடாவின் காடுகளில் சிக்கிமுக்கி இன்னும் பல பத்தாண்டுகள் விற்றுக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவுக்கான சிக்கிமுக்கிக் கல் ஏற்றுமதி 20-ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. அமெரிக்காவில் சிக்கிமுக்கிக்கென்றே தனி வேட்டைக் காலம் இன்றும் இருக்கிறது.

ஏன்? "பழக்கதோஷம்", "புதுசுன்னா பயம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் சில காலமாக இதைப் பற்றிப் படித்து வருகிறேன். அந்தப் பதில் பாதிக்குத்தான் சரி என்று தோன்றுகிறது. மீதிப் பாதி கொஞ்சம் சுவாரசியமானது.

முதலில், எது எப்படி வேலை செய்கிறது

சிக்கிமுக்கித் துப்பாக்கியின் சுத்தி ஒரு கல் துண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். விசையை இழுத்தால் அந்தக் கல் ஒரு எஃகுத் தகட்டின் மேல் சர்ரென்று உரசிக்கொண்டு இறங்கும். அந்தத் தகடு விலகித் திறக்க, அதற்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணியில் தீப்பொறி விழும். கிண்ணியில் ஒரு சிட்டிகை வெடிமருந்து. அது பற்றி, குழலின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே போய், உள்ளே இருக்கிற பெரிய மருந்தைப் பற்ற வைக்க வேண்டும்.

இத்தனை படிகளில் எந்தப் படியும் சொதப்பலாம். கல் மழுங்கியிருக்கலாம். கிண்ணி மருந்து நமத்திருக்கலாம், காற்றில் பறந்திருக்கலாம். ஓட்டை அடைத்திருக்கலாம். கிண்ணியில் மட்டும் குப்பென்று எரிந்து, உள்ளே ஒன்றும் நடக்காமல் போகலாம். ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ் இன் த பேன்' என்கிறார்களே, ஆரம்பத்தில் ஜொலித்துவிட்டு ஒன்றுமில்லாமல் போவதற்கு, அந்தச் சொல்லை இந்தக் கிண்ணியோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

கேப் ரகத்தில் கிண்ணி, எஃகுத் தகடு, கல் எதுவும் கிடையாது. குழலின் பின்பக்கத்தில் உள்ளே துளையுள்ள ஒரு எஃகுக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் சின்னத் தொப்பி மாதிரி ஒரு செப்புக் கேப்பை மாட்டுவார்கள். தொப்பிக்குள்ளே அடிபட்டாலே வெடிக்கிற ஒரு ரசாயனப் பூச்சு. சுத்தி அடித்ததும் அந்த நெருப்பு துளை வழியாக நேரே மருந்துக்குள் பாயும். காற்றோ மழையோ நடுவில் புகுந்து கெடுக்கப் பெரிதாக இடமில்லை.

இதன் தூரத்துச் சொந்தக்காரரை நமக்கெல்லாம் தெரியும். தீபாவளித் துப்பாக்கியில் போட்டு 'டப் டப்' என்று வெடித்தோமே, சுருள் கேப், அதே தத்துவம்தான். சும்மா ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1845-ல் காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்து, சுத்தியை இழுக்கும்போதே அடுத்த பொட்டு தானாக வந்து நிற்கிற மாதிரி ஒரு பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க ராணுவம் 1855 மாடல் துப்பாக்கியில் அதை வைத்தது. காகிதம் ஈரத்தில் நமத்துப் போகிறது என்று 1861 மாடலில் தூக்கிவிட்டது. தீபாவளிக்கு மழை பெய்தால் சுருள் கேப்புக்கு என்ன ஆகும் என்று நமக்குத்தான் தெரியுமே!

ஒரு பாதிரியாரும் சில பறவைகளும்

சிக்கிமுக்கித் துப்பாக்கி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. லிசியூ நகரத்து மாரின் ல பூர்ஜுவா என்ற கைவினைஞரின் பெயரைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். 1700 வாக்கில் அது ஐரோப்பிய ராணுவங்களில் திரித் துப்பாக்கியை ஓரங்கட்டிவிட்டது. அதற்கப்புறம் ஏறத்தாழ 140 வருஷம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பிளாசியிலும் வாட்டர்லூவிலும் பிரிட்டிஷ் படைவீரன் கையில் இருந்தது அடிப்படையில் ஒரே பொறிதான்.

அதை அசைத்தவர் ராணுவத்துக்காரர் இல்லை. அலெக்சாண்டர் ஃபோர்சைத், ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார். வேட்டைப் பிரியர், கொஞ்சம் ரசாயனப் பித்தும் உண்டு. அவருடைய பிரச்சினை ரொம்ப எளிமையானது. கிண்ணியில் மருந்து பற்றும் பளிச்சைப் பார்த்ததும் நீர்ப்பறவைகள் உஷாராகி, குண்டு வருவதற்குள் தண்ணீருக்குள் முங்கிவிடுகின்றன. அந்தப் பளிச்சே இல்லாமல் செய்ய முடியுமா என்று யோசித்தார். அடித்தால் வெடிக்கிற உப்புகள் அப்போதுதான் ரசாயனக்காரர்களுக்குப் புதிதாக அறிமுகமாகியிருந்தன. அவற்றைத் துப்பாக்கியின் நெருப்புக்குப் பயன்படுத்தி 1807-ல் காப்புரிமை வாங்கினார்.

ஃபோர்சைத் செய்தது கேப் அல்ல, வாசனைத் திரவியக் குப்பி போன்ற வடிவத்தில் ஒரு சின்ன மருந்துப் பெட்டி. செப்புக் கேப் அதற்குப் பிறகு 1810-களின் கடைசியிலும் 1820-களிலும் வந்தது. "நான்தான் கண்டுபிடித்தேன்" என்று அரை டஜன் பேர் கிளம்பினார்கள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோஷுவா ஷா என்ற ஓவியர் அதில் ஒருவர், 1822-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் வேறு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை, தீரவும் தீராது.

கவனிக்க வேண்டியது, கேப்பை முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் காசுள்ள வேட்டைக்காரர்கள். அவர்களிலும் "சிக்கிமுக்கிதான் பலமாகச் சுடும்" என்று வாதாடினவர்கள் உண்டு. ஆனாலும் 1830 வாக்கில் இங்கிலாந்தின் நல்ல வேட்டைத் துப்பாக்கிக் கடைகளில் கேப் ஜெயித்துவிட்டது. அந்த வேட்டைக்காரருக்குக் கேப் தீர்ந்தால் என்ன பிரச்சினை? ஆளை அனுப்பினால் நகரத்திலிருந்து ஒரு டப்பா வந்துவிடும். பதிவின் மையமே இந்த வரிதான், இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவம் ஏன் தயங்கியது

நெப்போலியனோடு நடந்த போர்கள் 1815-ல் முடிந்தபோது பிரிட்டனிடம் சிக்கிமுக்கித் துப்பாக்கிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அமெரிக்காவிலும் அரசுக் கிடங்குகளில் இதே கதை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான துப்பாக்கிகளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுசு வாங்கு என்றால் எந்த நிதித்துறை ஒத்துக்கொள்ளும்? ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இப்போ இருக்கிற சிஸ்டம் ஓடுதுல்ல?" என்ற கேள்வியை நாம் எத்தனை மீட்டிங்கில் கேட்டிருப்போம்.

ஆனால் இங்கே ஒரு அழகான விஷயம் நடந்தது. பழையதைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லை. கிண்ணியையும் எஃகுத் தகட்டையும் கழற்று, குழலில் காம்பைப் பொருத்து, கல் கவ்வும் சுத்தியை மாற்றி மொட்டைச் சுத்தி வை. அவ்வளவுதான், அதே துப்பாக்கி கேப் துப்பாக்கி ஆகிவிடும். குழல், கட்டை, விசை எல்லாம் பழசு. பிரிட்டனின் 1839 மாடல் இருப்பில் கிடந்த பழைய பாகங்களை வைத்து உருவானதுதான். பிரான்சும் 1840-களில் பழையவற்றை மாற்றியமைத்தது, அமெரிக்காவும் பின்னாலேயே செய்தது. அமெரிக்காவின் கடைசி சிக்கிமுக்கி மாடல் 1840-ஆம் ஆண்டுடையது. அடுத்த 1842 மாடலே கேப் ரகம்.

ராணுவத்தின் தயக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. அது பணம் சம்பந்தப்பட்டதில்லை. அதற்கு வருவதற்கு முன்னால் ஒரு மழை நாளைப் பார்த்துவிடுவோம். அதில் நம்ம ஊர் ஆட்களும் இருக்கிறார்கள்.

கான்டன் வயலில் மதராஸ் சிப்பாய்கள்

முதல் அபினி யுத்தம். 1841, மே 30. கான்டன் நகரத்துக்கு வடக்கே சான்யுவான்லி என்ற கிராமத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஈட்டி, வாள், மண்வெட்டி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் படையை எதிர்த்துத் திரண்டார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்நியப் படை ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தது, கல்லறைகளைத் தோண்டியது என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். இன்றைக்கும் சீனப் பாடப்புத்தகங்களில் இந்த நாளுக்கு இடம் உண்டு.

அன்று பிரிட்டிஷ் பக்கம் நின்றவர்களில் 37-ஆவது மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் இருந்தார்கள். கையில் இருந்தது சிக்கிமுக்கி ரகம். மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாக மழை கொட்டத் தொடங்கியது. நெல் வயல்களில் வரப்பு எது, சேறு எது என்று தெரியவில்லை. படை பின்வாங்கும்போது ஏறத்தாழ 60 பேர் கொண்ட ஒரு கம்பெனி வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்டது.

துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்கவில்லை. கிண்ணியில் மருந்து சேறாகிவிட்டது. எதிரே நீளமான ஈட்டிகள், இவர்களிடம் இருந்ததோ துப்பாக்கி முனையில் செருகிய கத்தி. ஈட்டியைவிட அது குட்டை. நாலு பக்கமும் பார்த்தபடி சதுரமாக நின்று இருட்டும்வரை தாக்குப் பிடித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள்.

அவர்களைத் தேடி ஜெனரல் ஹியூ கஃப் அனுப்பியது ராயல் மரீன்களின் இரண்டு கம்பெனிகளை. வேண்டுமென்றேதான் அவர்களை அனுப்பினார், ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தது கேப் துப்பாக்கி. அதே மழை, அதே வயல். அவை வெடித்தன. கூட்டம் கலைந்தது, சிப்பாய்கள் மீட்கப்பட்டார்கள்.

வுல்விச் சோதனை காகிதத்தில் சொன்னதை ஏழு வருஷம் கழித்து அந்த வயல் சொன்னது. கேப் நல்லது என்பது 1834-லேயே லண்டனுக்குத் தெரியும். 1841-ல் மரீன்களுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது, மதராஸ் சிப்பாய்க்குப் போய்ச் சேரவில்லை. புதுத் தொழில்நுட்பம் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை அப்போதும் இருந்திருக்கிறது.

ஜெனரல் ஸ்காட்டின் கணக்கு

இவ்வளவு தெரிந்த பிறகும், 1846-47-ல் மெக்சிகோ மீது படையெடுத்த அமெரிக்க ராணுவத்தின் பெரும்பாலான காலாட்படையினர் சிக்கிமுக்கியோடுதான் போனார்கள். தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்குக் கேப் மேல் நம்பிக்கை இல்லை. பழைய ஆள், பிடிவாதக்காரர் என்று அவரைக் கிண்டல் செய்து எழுதியவர்கள் உண்டு.

ஆனால் அவர் இடத்தில் நின்று பாருங்கள். கடல் கடந்து வெராக்ரூஸில் இறங்கி, எதிரி நாட்டுக்குள் நூற்றுக்கணக்கான மைல் உள்ளே போகிறீர்கள். வெடிமருந்தும் ஈயமும் எதிரியின் கிடங்கைப் பிடித்தால் கிடைக்கும், ஏனென்றால் மெக்சிகோக்காரர்களிடம் இருந்ததும் பெரும்பாலும் பிரிட்டன் விற்ற பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கிகள்தான். ஒரு கல் 20, 30 தடவை சுடத் தாங்கும், மழுங்கினால் ஓரத்தைத் தட்டிக் கூராக்கிக்கொள்ளலாம். ஆனால் கேப்? ஒரு சூட்டுக்கு ஒன்று. தீர்ந்தால் அந்த நாட்டில் எங்கேயும் கிடைக்காது. கேப் இல்லாத கேப் துப்பாக்கி வெறும் தடி.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், சிக்கிமுக்கி ஆஃப்லைனில் ஓடும், அடிக்கடி எரர் வரும். கேப் பிரமாதமாக ஓடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரு சர்வரைக் கூப்பிடும். சர்வர் இருக்கிறவரை ராஜா.

எதிர்க்கட்சியும் இருந்தது. மிசிசிப்பியிலிருந்து வந்த தன்னார்வப் படைக்குக் கர்னல் ஜெஃபர்சன் டேவிஸ். பின்னால் கூட்டமைப்பு மாகாணங்களின் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். ஸ்காட்டின் ஆட்சேபணையை மீறி 1841 மாடல் கேப் ரைஃபிள்களைத் தன் ஆட்களுக்கு வாங்கிக்கொண்டார். 1847 பிப்ரவரியில் புவேனா விஸ்தா போரில் அந்தப் படை பெயர் வாங்கியது, அந்த ரைஃபிளுக்கே 'மிசிசிப்பி ரைஃபிள்' என்ற பெயர் நிலைத்தது. ஆக, ஒரே போரில் இரண்டு பேருமே தங்கள் வாதம் சரி என்று நினைத்துக்கொள்ளலாம். டேவிஸின் ரைஃபிள் நன்றாகச் சுட்டது. ஸ்காட்டும் சிக்கிமுக்கியோடு போய் மெக்சிகோ நகரத்தைப் பிடித்துவிட்டார்.

செப்பு வடிகலன்கள்

டேவிஸின் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது தெற்கு மாகாணங்களின் கிடங்குகளில் மாற்றப்படாத சிக்கிமுக்கிகள் நிறைய. 1862 ஜனவரி 19-ல் கென்டக்கியில் மில் ஸ்பிரிங்ஸ் போர். மழை. டென்னசி வீரர்கள் பலர் கையில் இருந்த சிக்கிமுக்கிகள் வெடிக்காமல் போயின. தெற்குப் படை தோற்றது. சான்யுவான்லியின் மறுபதிப்பு.

சரி, தெற்கும் மெதுவாக முழுக்கக் கேப்புக்கு மாறியது. மாறிய பிறகு ஸ்காட் பயந்த அதே சிக்கல் வந்தது. கேப்புக்குச் செப்புத் தகடு வேண்டும். 1863 கடைசியில் டென்னசியின் டக்டவுன் செப்புச் சுரங்கங்கள் கைவிட்டுப் போயின. தெற்கின் ஆயுதத் துறைத் தலைவர் ஜோசையா கோர்காஸ் என்ன செய்தார் தெரியுமா? வட கரோலினாவில் டர்பன்டைன் காய்ச்சுகிற செப்பு வடிகலன்களையும், ஆப்பிள் பிராந்தி வடிக்கிற கலன்களையும் தேடித் தேடி வாங்கி, வெட்டித் தகடாக்கிக் கேப் அடித்தார். வெண்கலப் பீரங்கி வார்ப்பதையே நிறுத்தி, அந்தச் செம்பும் கேப்புக்குப் போனது. உள்ளே பூச வேண்டிய ரசாயனத்துக்குப் பாதரசம் தீர்ந்தபோது வேறு கலவைக்கு மாறினார்கள்.

ஒரு ராணுவம் பீரங்கியை விட்டுக்கொடுத்துச் சுண்டுவிரல் நகம் அளவு தொப்பியைக் காப்பாற்றியது என்றால், அந்தத் தொப்பி எவ்வளவு பெரிய கடிவாளம் என்று பாருங்கள்.

காட்டில் எது விலை போனது

இப்போது கேப் டப்பா வாங்க ஆளனுப்பிய அந்த இங்கிலாந்து வேட்டைக்காரரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேர் எதிர்க் கோடியில் வட கனடாவின் க்ரீ, ஓஜிப்வே வேட்டைக்காரர். அவருக்கு அருகில் இருக்கிற கடை ஹட்சன் பே கம்பெனியின் வணிகச் சாவடி. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் அங்கே போவார்.

அவர்களுக்கென்றே கம்பெனி ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி விற்றது. எடை குறைவு. கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே விரலை நுழைக்கிற மாதிரி அகலமான விசை வளையம். பக்கவாட்டில் பாம்பு போல வளைந்த டிராகன் உருவப் பித்தளைத் தகடு. இது அசல் சரக்கு என்பதற்கான அடையாளமாக அதைப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். இங்கிலாந்தில் சிக்கிமுக்கி பழம்பொருளாகி வெகுகாலம் ஆன பிறகும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இது விற்றது.

அந்த வேட்டைக்காரருக்குப் புதுசு தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவர் தேவைக்கு அவர் கணக்குச் சரி. பனிக்காலம் நடுவில் கேப் தீர்ந்தால் குடும்பம் பட்டினி. ஆறில் ஒரு தடவை ஏமாற்றினாலும் அடுத்த தடவை சுடுகிற துப்பாக்கியே அவருக்கு நம்பகமானது. 'நம்பகம்' என்ற சொல்லுக்கு வுல்விச்சில் ஒரு அர்த்தம், காட்டில் வேறு அர்த்தம். அங்கே அளந்தது ஒரு சூடு வெடிக்குமா என்று. இங்கே கேள்வி, அடுத்த மார்ச் மாதம் வெடிக்குமா என்று.

இந்தியாவில் கதை இன்னும் வேறு. கம்பெனிப் படைகளுக்கு வெளியே, சமஸ்தான வீரர்களிடமும் வேட்டைக்காரர்களிடமும் 19-ஆம் நூற்றாண்டிலும் திரித் துப்பாக்கிதான் பரவலாக இருந்தது. எரியும் கயிற்றுக்குக் கல்கூட வேண்டாம் அல்லவா? ஊர்க் கொல்லரே பழுது பார்த்துவிடுவார். இன்று நம்ம ஊர் மலைப்பகுதிச் செய்திகளில் 'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்று வருகிறதே, அவற்றில் பல வாய் வழியாக மருந்து நிரப்புகிற ரகம்தான்.

சட்டம் போட்டுப் பழசாக வைத்தது

இதுவரை சொன்னதில் வாங்குகிறவருக்கு ஏதோ ஒரு தேர்வு இருந்தது. ஆப்பிரிக்காவில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 'டேன் கன்' என்று பெயர் பெற்ற நீளமான சிக்கிமுக்கிகளை பர்மிங்ஹாமும் பெல்ஜியத்தின் லியேஜும் நூற்றாண்டு முழுக்க ஏற்றுமதி செய்தன. அந்த வணிகத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் அடிமை வணிகத்தோடு பின்னிக் கிடந்தது. பிறகு 1890-ல் ஐரோப்பிய அரசுகள் கூடி பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம் போட்டன. அடிமை வணிகத்தை ஒழிப்பதுதான் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதில் ஆயுதங்களுக்கும் பிரிவுகள் இருந்தன. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குள் ரைஃபிள்களும் நவீன ஆயுதங்களும் போகக் கூடாது. ஆனால் வரிப்பள்ளம் இல்லாத சிக்கிமுக்கித் துப்பாக்கியையும் சாதாரண வெடிமருந்தையும் அனுமதியோடு விற்கலாம்.

அதே வருஷங்களில் அந்த அரசுகளின் படைகள் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியோடு அதே நிலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. 80 வருஷம் முந்தைய தொழில்நுட்பத்தை எதிராளிக்கு விற்றுக்கொண்டே, அதற்கு மேல் எதுவும் அவன் கைக்குப் போகாமல் கதவைச் சாத்துவது! இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிரான்டன் என்ற சிற்றூரில் கல் உடைப்பவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் ஆப்பிரிக்காவுக்காகச் சிக்கிமுக்கிக் கல் செதுக்கிக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு "ஆப்பிரிக்கர்களுக்குச் சிக்கிமுக்கி பிடித்திருந்தது" என்று தோன்றலாம். கிடைத்ததை வாங்கினார்கள் என்பதுதான் அந்தக் கணக்கில் தெரியாமல் போகிற விஷயம்.

இன்றைய நிலவரம்

ஜெயித்த கேப்பும் ரொம்ப நாள் ஆளவில்லை. ராணுவங்களில் அதன் காலம் தோராயமாக 1840 முதல் 1860-களின் நடுப்பகுதி வரை, கால் நூற்றாண்டுதான். பின்பக்கம் நிரப்பும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. ஆனால் கேப் அழியவில்லை, தோட்டாவின் அடிப்பாகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்று சுடப்படுகிற பெரும்பாலான தோட்டாக்களின் உள்ளே ஃபோர்சைத் பாதிரியாரின் யோசனைதான் வெடிக்கிறது.

வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகள் அமெரிக்காவில் பொழுதுபோக்காக உயிரோடு இருக்கின்றன. 1933-லேயே இதற்கு ஒரு தேசியச் சங்கம் தொடங்கி, இந்தியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற ஊரில் போட்டிகள் நடத்துகிறது. 1985-ல் டோனி நைட் என்பவர் நவீன ரைஃபிள் மாதிரியே தோற்றமளிக்கும் வாய்வழித் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மான் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வகைக்குப் போய்விட்டார்கள். நெருப்பு விஷயத்தில் அதுவும் கேப் வம்சம்தான். எண்ணிக்கையில் பார்த்தால் கேப் பக்கம்தான் கூட்டம் அதிகம்.

ஆனால் பென்சில்வேனியாவில் 1974 முதல் கிறிஸ்துமஸுக்குப் பிறகு சிக்கிமுக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைக் காலம் உண்டு. அந்த ஒரு விதி பல ஆயிரம் பேரைச் சிக்கிமுக்கி பழக வைத்திருக்கிறது. கொரோனா காலத்தில் கேப் டப்பாக்கள் கடைகளில் கிடைக்காமல் திண்டாடியபோது, சிக்கிமுக்கிக்காரர்கள் கொஞ்சம் மிதப்பாகத்தான் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு தலைவலி உண்டு. கடையில் எளிதாகக் கிடைக்கும் நவீன மாற்று மருந்துகள் தீப்பொறிக்குச் சரியாகப் பற்றாது. அசல் கறுப்பு வெடிமருந்தே வேண்டும், அதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். ஆக, இங்கேயும் கேள்வி எது சிறந்தது என்பதைவிட, எது கையில் கிடைக்கும் என்பதாகத்தான் இருக்கிறது.

பழம்பொருள் சந்தையில் நடப்பது இன்னும் வேடிக்கை. 1840-களில் காசு செலவழித்துக் கேப்புக்கு மாற்றிய அதே துப்பாக்கிகளை, இன்று சிலர் காசு செலவழித்துச் சிக்கிமுக்கியாகத் திருப்பி மாற்றுகிறார்கள். சிக்கிமுக்கிக்கு விலை அதிகம் என்பதால். வாங்குகிறவர்கள் கிண்ணியைச் சுற்றி புது வெல்டிங் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டில் எது அதிகம் விரும்பப்பட்டது என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். லண்டன் கனவானும், மதராஸ் சிப்பாயும், க்ரீ வேட்டைக்காரரும், நைஜர் நதிக்கரை விவசாயியும் ஒரே கடையில் நின்று தேர்ந்தெடுக்கவில்லை. கேப் சிறந்த கருவி, அதில் சந்தேகமே இல்லை, வுல்விச் கணக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் அந்தச் சிறப்பு ஒரு தொழிற்சாலையும் ஒரு கப்பலும் ஒரு கடையும் தொடர்ந்து இயங்குவதை நம்பி இருந்தது. அந்தச் சங்கிலியின் அடுத்த முனை யார் கையில் இருந்தது என்று பார்த்தால், எந்த ஊரில் எந்தத் துப்பாக்கி எத்தனை நாள் நின்றது என்பது பெரும்பாலும் புரிந்துவிடுகிறது.